லெவிட்டவுன் வீட்டுத் தோட்டத்தில் பழைய புல்வெளியை மீட்க முடியுமா?

கேள்வி: நியூயார்க் மாநிலம் லாங் ஐலண்டில், லெவிட்டவுனில் வசிக்கிறோம். ஆண்டுதோறும் உரமும் தண்ணீரும் கொடுத்தும் பின்புறப் புல்தரை ஜூலையில் காய்ந்துவிடுகிறது. தோண்டினால் கொஞ்ச ஆழத்திலேயே மணலும் கூழாங்கல்லும் வருகின்றன. இங்கே முன்பு இயற்கைப் புல்வெளி இருந்ததாகக் கேள்விப்பட்டோம். நல்ல மண் கொட்டி அந்தப் புற்களை வளர்க்கலாமா?

பதில்: தாராளமாக வளர்க்கலாம், ஆனால் மண் கொட்ட வேண்டாம், உரமும் இட வேண்டாம். அதற்கான காரணம் அந்த நிலத்தின் வரலாற்றிலேயே இருக்கிறது.

உங்கள் ஊர் இருக்கும் நாசாவ் கவுண்டி என்னும் மாவட்டத்தின் நடுவே சுமார் 40,000 ஏக்கர் பரந்திருந்த ஹெம்ப்ஸ்டெட் சமவெளியின் மேல்தான் உங்கள் ஊர் எழுந்தது. கடைசிப் பனியுகத்தில் பனிப்பாறைகள் உருகி ஓடிய நீர் பரப்பிவிட்டுச் சென்ற மணலும் கூழாங்கல்லுமே அதன் அடித்தளம். மேலே மெல்லிய கருமண் அடுக்கு ஒன்று இருந்தது. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,100 மில்லிமீட்டர் மழை பெய்யும் இடத்தில் காடுதான் வளர்ந்திருக்க வேண்டும். ஆனால் மழைநீர் மணல் வழியே விரைந்து இறங்கிவிடுவதால் மேல்மண் சீக்கிரம் உலர்ந்தது. உலர்ந்த புல்லில் தீ எளிதில் பரவியது. ஐரோப்பியர் குடியேறிய பின் ஆடுமாடுகளும் மேய்ந்து மரக்கன்றுகளைத் தலையெடுக்க விடவில்லை. 1665இல் ஆளுநர் ரிச்சர்ட் நிக்கல்ஸ் குதிரைப் பந்தயத் திடல் அமைத்ததும், 1927இல் சார்லஸ் லிண்ட்பர்க் பாரிஸுக்கு விமானம் ஏறிய ரூஸ்வெல்ட் ஃபீல்டு அமைந்ததும் மரமற்ற இந்தச் சமதரையில்தான். 1947இல் தொடங்கிய லெவிட்டவுன் கட்டுமானம் உட்பட, நகர விரிவாக்கம் பெரும்பகுதியை விழுங்கியது. இன்று ஒரு சதவீதம்கூட எஞ்சவில்லை. நாசாவ் சமுதாயக் கல்லூரி வளாகத்தில் 19 ஏக்கர் பாதுகாக்கப்படுகிறது. செப்டம்பரில் ஒருமுறை அங்கே போய்ப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

புல்தரைக்கென விற்கப்படும் கென்டக்கி புளூகிராஸ் குளிர்ப்பருவப் புல். வெயில் ஏறினால் உறங்கிவிடும். சமவெளியின் முதன்மைப் புல்லான லிட்டில் புளூஸ்டெம் சோளத்தையும் கரும்பையும் போன்ற ஒளிச்சேர்க்கை முறையைக் கொண்டது. வெப்பத்தில் வளர்ந்து, குறைந்த நீரையும் நைட்ரஜனையும் வைத்தே காலம் தள்ளும். அதன் வேர்கள் பல அடி ஆழம் இறங்கும். மண் வளமானால் இந்தச் சிக்கனத்துக்குப் பயனில்லாமல் போய், வேகமாக வளரும் களைகளே முந்திக்கொள்ளும். அவற்றில் மோசமானது, நம் மாசிபத்திரியின் இனத்தைச் சேர்ந்த மக்வொர்ட். கிழங்குபோல மண்ணுக்குள் ஓடும் அதன் தண்டில் ஒரு சிறு துண்டு தங்கினாலும் மீண்டும் முளைத்துவிடும். வெளியிலிருந்து கொட்டும் மண்ணோடு அதையும் விலைகொடுத்து வாங்கிவிட வாய்ப்புண்டு. தவிர, நீங்கள் இடும் நைட்ரஜன் மணலில் தங்காமல், லாங் ஐலண்ட் மக்கள் குடிக்கும் நிலத்தடி நீருக்குள்தான் இறங்குகிறது.

இந்தப் புல்லை நம்பியே வாழும் செடிகளும் உண்டு. 1988இல் அமெரிக்க அரசின் அருகிவரும் இனங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்ட சேண்ட்பிளேன் ஜெரார்டியா, லிட்டில் புளூஸ்டெம் போன்றவற்றின் வேர்களில் தன் வேரை ஒட்டி ஓரளவு உணவை உறிஞ்சிக்கொள்ளும் ஓராண்டுச் செடி. கோடையின் இறுதியில் விரியும் அதன் இளஞ்சிவப்புப் பூ ஒரு நாளோடு உதிர்ந்துவிடும். விதை விழுந்து முளைக்க இடையிடையே வெற்று மண் வேண்டும் என்பதால், புல் நெருக்கமாக மூடிய இடத்தில் அது நிலைப்பதில்லை. அதை வீட்டில் வளர்க்க முயல வேண்டாம். பாதுகாக்கப்பட்ட இடத்திலிருந்து எந்த விதையையும் எடுக்கவும் வேண்டாம். ஆனால் புற்களுக்கிடையே வெற்றுத் திட்டுகள் தெரிந்தால் அது குறையென்று எண்ணி அடைத்துவிடாதீர்கள்.

முதலில் மண்ணைப் பரிசோதியுங்கள். புல்தரைக்காகப் பல ஆண்டுகள் சுண்ணாம்பு போட்டிருந்தால் இயல்பான அமிலத்தன்மை குறைந்திருக்கும், அதை இனி நிறுத்த வேண்டும். பிறகு புல்தரையை வேரோடும் அதைப் பிடித்திருக்கும் மண்ணோடும் பாளமாகச் சீவி அப்புறப்படுத்துங்கள். சேர்ந்திருக்கும் உரத்தில் ஒரு பகுதியும் அதனுடன் போய்விடும். காட்டுப்பூ விதைகள் பலவற்றுக்குக் குளிர்காலத்தைக் கடந்தால்தான் முளைப்பு வரும் என்பதால் அவற்றை நவம்பரிலும், புல் விதையை மே மாதத்திலும் தூவலாம். விதைகள் உள்ளூர் மரபைச் சேர்ந்தவையாக இருப்பது முக்கியம். லாங் ஐலண்ட் நேட்டிவ் பிளான்ட் இனிஷியேட்டிவ் என்னும் அமைப்பிடம் விசாரியுங்கள். பட்டர்ஃபிளை வீட், வைல்ட் இண்டிகோ என்னும் காட்டுப்பூச் செடிகள் இரண்டும் ஆணிவேர் விடுபவை. நட்ட இடத்திலிருந்து மாற்றக் கூடாது. ஆளுயரம் போகும் இந்தியன் கிராஸ் என்னும் புல்லை வேலியோரம் வையுங்கள்.

முதலாண்டில் களைகள் உயரும்போதெல்லாம் ஆறு அங்குல உயரத்தில் வெட்டிவிடுங்கள். அப்போது புல்லின் வளர்ச்சி பெரும்பாலும் வேரில்தான் நடக்கும், ஏமாற வேண்டாம். இரண்டாம் ஆண்டு முதல் தீயின் வேலையை நீங்கள்தான் செய்ய வேண்டும்: வீட்டுமனையில் தீ வைக்க முடியாது, ஆகவே மார்ச் கடைசியில் முழுவதையும் தாழ வெட்டி, வெட்டிய சருகை வாரி வெளியேற்றுங்கள். அப்படியே விட்டால் அது மட்கி உரமாகும், வெற்று மண்ணையும் மூடிவிடும். புல்லின் உயரத்துக்கு உள்ளூர் விதிகள் வரம்பு வைத்திருக்கலாம் என்பதால் டவுன் அலுவலகத்தில் முன்கூட்டியே கேளுங்கள். சுற்றிலும் இரண்டடி அகலத்துக்குக் குட்டையாக வெட்டிய ஓரம் இருந்தால் அண்டை வீட்டாருக்கும் உறுத்தாது, உண்ணிகள் ஏறாமல் குழந்தைகள் நடக்கவும் வழி கிடைக்கும்.