ஒரு லிட்டர் பெயின்ட் ஏன் ஒரு கிலோ இல்லை?

கேள்வி: ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு ‘ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோ’ என்று சொல்லிக் கொடுத்திருந்தேன். போன வாரம் ஒரு லிட்டர் வெள்ளை பெயின்ட் டப்பாவைத் தராசில் வைத்துவிட்டு, “ஒன்றரை கிலோ காட்டுதே அப்பா” என்கிறாள். டப்பாவின் எடையைக் கழித்தாலும் கணக்கு இடிக்கிறது. நான் சொல்லிக் கொடுத்தது தப்பா?

பதில்: தண்ணீருக்கு அது சரி. மற்றவற்றுக்குப் பொருந்தாது. ஆனால் உங்கள் மகள் டப்பாவைத் தானாகவே தராசில் வைத்தாளே, அதற்கு அவளைத் தட்டிக்கொடுங்கள். முப்பது வருடம் இயற்பியல் நடத்தியிருக்கிறேன். சொன்னதை எடை போட்டுப் பார்த்த பிள்ளைகள் மிகக் குறைவு.

லிட்டர் என்பது ஒரு பொருள் அடைத்துக்கொள்கிற இடம். கிலோ என்பது அந்த இடத்தில் எவ்வளவு பொருள் இருக்கிறது என்ற கணக்கு. இரண்டையும் முடிச்சுப் போட்டது தண்ணீர்தான். 1795-ல் பிரான்சில் மெட்ரிக் சட்டம் வந்தபோது, பக்கத்துக்கு ஒரு சென்டிமீட்டர் உள்ள கனசதுரத்தில் அடங்கும் சுத்தமான தண்ணீரின் எடையே ஒரு கிராம் என்று வைத்தார்கள். அந்தக் குட்டிக் கனசதுரம்தான் ஒரு மில்லிலிட்டர். மருந்து ஏற்றும் சிரிஞ்சில் ‘சிசி’ என்று சொல்கிறோமே, அதுவும் இதே அளவுதான்.

அப்புறம் பிள்ளைகள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. பக்கத்தைப் பத்து மடங்காக்கினால் கொள்ளளவு பத்து மடங்காவதில்லை, ஆயிரம் மடங்காகிறது. பக்கத்துக்கு 10 செ.மீ. உள்ள பெட்டியில் ஒரு லிட்டர் தண்ணீர் பிடிக்கும். எடை ஒரு கிலோ. பக்கத்துக்கு ஒரு மீட்டர் என்றால் 1000 லிட்டர், அதாவது ஒரு டன்! அட்டையில் 10 செ.மீ. பெட்டி ஒன்று செய்து, உள்ளே பிளாஸ்டிக் உறை விரித்து, தண்ணீரை ஊற்றி மகளையே நிறுக்கச் சொல்லுங்கள். சூத்திரம் அதற்குப் பிறகு வரட்டும்.

எனக்கு இது புரிந்தது பாதரசத்தால். கல்லூரி முதல் வருடத்தில், ஆய்வகத்தில் கால் லிட்டர் பாட்டில் ஒன்றை எடுத்து வைக்கச் சொன்னார்கள். கால் கிலோ என்று நினைத்துத் தூக்கினேன். மணிக்கட்டு அப்படியே மடங்கிவிட்டது. பாதரசம் தண்ணீரைப் போல 13.6 மடங்கு கனம். அந்தச் சின்ன பாட்டிலுக்குள் இருந்தது 3.4 கிலோ! ஒரு லிட்டர் இடத்தில் எத்தனை கிலோ அடங்குகிறது என்பதுதான் அடர்த்தி. அந்தச் சொல்லைக் கேட்டால் இன்றும் என் கைதான் முதலில் ஞாபகத்துக்கு வரும்.

உங்கள் டப்பாவிலும் அதே கதைதான். வெள்ளை நிறத்துக்காகச் சேர்க்கும் டைட்டானியம் டை ஆக்சைடு தண்ணீரைவிட நாலு மடங்கு கனமான தூள். பெட்ரோல் நேர்மாறு: ஒரு லிட்டர் ஏறக்குறைய முக்கால் கிலோதான். லிட்டரை அடர்த்தியால் பெருக்கினால் கிலோ கிடைத்துவிடும்.

இன்னொரு சோதனையும் செய்யச் சொல்லுங்கள். ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் அரை லிட்டர் தண்ணீர் ஊற்றி, மட்டத்தில் கோடு போட்டு, நிறுத்துவிட்டு ஃப்ரீசரில் வைக்கட்டும். மறுநாள் பனிக்கட்டி கோட்டுக்கு மேலே ஏறியிருக்கும், எடை மட்டும் அப்படியே இருக்கும். பாட்டிலில் கால்வாசி இடமாவது காலியாக இருக்கட்டும், இல்லையென்றால் வெடித்துவிடும்.