நள்ளிரவில் கூட்டிக்கொண்டு போனால் விடியுமுன் என்ன செய்வது?

வாசகர் கேள்வி – பதில்

நினைவேந்தல், காணிப் போராட்டம், முகநூல் பதிவு, கவிதை என்று அமைதியாகச் சொன்னதற்கும் செய்ததற்கும் கைதாவது பற்றித் திருகோணமலை மாவட்டத்திலிருந்து வந்த கேள்விகளில் ஐந்தை இம்முறை எடுத்திருக்கிறோம்.

கேள்வி: காணி மீட்புப் போராட்டத்தில் முன்னுக்கு நிற்கும் என் மச்சானை, முகநூலில் போட்ட ஒரு பதிவைப் பற்றி விசாரிக்க வேண்டும், கொழும்புக்கு வரட்டாம் என்று தொலைபேசியில் கூப்பிடுகிறார்கள். போகாவிட்டால் குற்றமா? பதிவை அழித்துவிடலாமா?
– வாசகி, பாலையூற்று

பதில்: விசாரணைக்கு ஒருவரை அழைக்கும் பொலிஸ் அதிகாரி அதை எழுத்தில் கேட்க வேண்டும் என்பதுதான் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் ஏற்பாடு. அதற்காக "வர ஏலாது" என்று தொலைபேசியை வைத்துவிடவும் கூடாது. அடுத்த நாள் வாசலில் ஜீப் நிற்க அதுவே காரணமாகிவிடும். அழைத்தவரின் பெயர், பதவி, பிரிவு, தொலைபேசி இலக்கம், நேரம் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். "தமிழில் எழுத்து மூலம் தாருங்கள், சட்டத்தரணியோடு வருகிறேன்" என்று மச்சான் சொல்லட்டும். அதையே ஒரு கடிதமாக எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டுப் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். பொலிஸ் நிலையத்தில் கட்சிக்காரருக்காகச் சட்டத்தரணி தோன்றுவதற்கு 2012 இல் விதிகள் வந்திருக்கின்றன.

பதிவை அழிக்க வேண்டாம். அழித்தால் பொலிஸாரிடம் இருக்கும் படமும் அவர்கள் செய்வித்த சிங்கள மொழிபெயர்ப்பும் மட்டுமே மிஞ்சும். திகதி, கீழே வந்த கருத்துகள், முன்னும் பின்னும் போட்ட பதிவுகள் எல்லாம் தெரியும்படி இரண்டு பிரதி அச்செடுத்து ஒன்றைச் சட்டத்தரணியிடம் கொடுங்கள். மன்னாரைச் சேர்ந்த கவிஞர் அஹ்னாப் ஜஸீம் 2020 மே மாதம் கைதானது ஒரு தமிழ்க் கவிதைத் தொகுப்புக்காக. அதில் வன்முறையை எதிர்க்கும் கவிதைகளும் இருந்ததைத் தமிழ் தெரிந்தவர்கள் பிறகு எடுத்துக்காட்டினார்கள். அதற்கிடையில் 19 மாதம் போய்விட்டது. 2021 டிசம்பரில் பிணை, 2023 டிசம்பரில் விடுதலை.

கைத்தொலைபேசியின் 15 இலக்க அடையாள எண்ணையும் புறப்படுமுன் குறித்துக்கொள்ளுங்கள். *#06# அழுத்தினால் திரையில் வரும். தொலைபேசியைப் பறித்தால் அந்த எண்ணைப் போட்டுப் பற்றுச்சீட்டு கேட்கலாம்.

ஆட்கள் அதிகம் சறுக்குவது வாக்குமூலத்தில்தான். சிங்களத்தில் எழுதி, அரைகுறையாக வாசித்துக் காட்டி, "இதில கையெழுத்து வையுங்கோ" என்பார்கள். விளங்காததில் கையெழுத்து வைக்க வேண்டியதில்லை. தவிர்க்கவே முடியாத நிலை என்றால், கையெழுத்துக்கு மேலே "சிங்களத்தில் எழுதப்பட்டது, எனக்கு விளங்கவில்லை" என்று தன் கையால் தமிழில் எழுதித் திகதியும் நேரமும் போட வேண்டும். சாதாரண வழக்கில் பொலிஸாரிடம் கொடுத்த குற்ற ஒப்புதலைக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு எதிராகச் சாட்சியமாக்க முடியாது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16 ஆம் பிரிவின்படி உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்தால் முடியும். எதிரில் இருப்பவரின் பதவியைக் கேட்கச் சொல்வது அதனால்தான்.

கேள்வி: 2024 மே மாதம் எங்கள் ஊரில் போரில் இறந்தவர்களின் நினைவாக முள்ளிவாய்க்கால் கஞ்சி கொடுத்ததற்காகப் பெண்களையும் இரவில் பிடித்தார்கள். இனி அப்படி நடந்தால் வீட்டில் இருப்பவர்கள் முதலில் யாரிடம் போவது?
– வாசகர், சம்பூர்

பதில்: யாரிடமும் போகுமுன், வந்தவர்களிடமே கேட்க வேண்டியவை மூன்று: யார் நீங்கள், ஏன் பிடிக்கிறீர்கள், எங்கே கொண்டுபோகிறீர்கள். காரணத்தைச் சொல்ல வேண்டும் என்பது அரசியலமைப்பின் 13(1) உறுப்புரை. கைது செய்ததற்கு எழுத்தில் ஒரு துண்டு கேளுங்கள். தரமாட்டார்கள் என்றாலும் கேளுங்கள், கேட்டதையும் நேரத்தையும் எழுதுங்கள். வாகன இலக்கம், சீருடையா சிவில் உடையா, பெண் பொலிஸார் வந்தார்களா என்பதும் குறிப்பில் இருக்கட்டும். பெண்ணைச் சோதனையிடுவது பெண்ணாகவே இருக்க வேண்டும்.

அடுத்தது மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற இலக்கம். முறைப்பாட்டு எண்ணைக் கேட்டு எழுதாமல் தொலைபேசியை வைக்காதீர்கள். விடிந்ததும் ஒருவர் திருகோணமலைப் பிராந்திய அலுவலகத்துக்குப் போய் எழுத்தில் முறைப்பாடு கொடுத்து, பிரதியில் முத்திரை குத்தி வாங்க வேண்டும். பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் ஒருவரைப் பிடித்தால் 48 மணித்தியாலத்துக்குள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்கப் பொலிஸார் கடமைப்பட்டவர்கள் (1996 இன் 21 ஆம் இலக்கச் சட்டம், 28 ஆம் பிரிவு). உங்கள் முறைப்பாடு அதற்கு முன்பே அங்கே இருந்தால், பிடித்த நேரத்தைப் பின்னுக்குத் தள்ளி எழுதுவது கஷ்டம்.

அந்த நேரத்தில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. சாதாரணச் சட்டத்தில் 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் கொண்டுவர வேண்டும். பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் 72 மணித்தியாலம். அமைச்சர் தடுப்புக்காவல் உத்தரவில் கையெழுத்திட்டால் மூன்று மூன்று மாதமாக நீளும். முன்பு 18 மாதம் வரை போனது, 2022 திருத்தத்துக்குப் பிறகு உச்சம் 12 மாதம். தடுத்து வைத்திருக்கும் இடத்தை நீதவான் மாதம் ஒரு முறையாவது போய்ப் பார்க்க வேண்டும் என்பதும் அதே திருத்தத்தில் வந்தது. (1979 இல் "தற்காலிக ஏற்பாடுகள்" என்று பெயர் வைத்து மூன்று வருடத்துக்கெனக் கொண்டுவந்த சட்டம் இது. 1982 இல் அந்தக் கால எல்லையை எடுத்தார்கள். பெயரில் மட்டும் "தற்காலிக" ஒட்டிக்கொண்டிருக்கிறது.)

நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தால், கைதைப் பற்றிப் பொலிஸார் நீதவானுக்குக் கொடுக்கும் "பி அறிக்கை" ஒன்று தாக்கலாகும். அதன் இலக்கத்தை அன்றே எடுங்கள். சட்டத்தரணி நகர்த்தல் பத்திரம் (மன்றிடம் எழுத்தில் கேட்கும் விண்ணப்பம்) போட்டுச் சான்றுப்படுத்திய பிரதி எடுக்கலாம். எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்பது அதில்தான் இருக்கும், பொலிஸ் நிலைய வாசலில் வாயால் சொன்னதில் அல்ல. "எங்களிடம் அப்படி ஒருவரும் இல்லை" என்று கைவிரித்தால், ஆளை மன்றில் கொண்டுவந்து நிறுத்தும்படி கேட்கும் ஆள்கொணர்வு மனு. மாகாணத்துக்குள் தடுத்து வைத்திருந்தால் மாகாண மேல் நீதிமன்றத்திலேயே போடலாம், அரசியலமைப்பின் 154P(4) அதற்கு இடம் தருகிறது.

அடித்திருந்தால் நீதவானிடம் அன்றே, திறந்த மன்றில் சொல்ல வேண்டும். சட்ட மருத்துவ அதிகாரியிடம் அனுப்பும்படி கேட்க வேண்டும். வீக்கமும் கண்டலும் நாட்போக்கில் மறைந்துவிடும்.

கேள்வி: ஐ.சி.சி.பி.ஆர். என்பது மனித உரிமைச் சட்டம் என்று படித்திருக்கிறோம். அதை வைத்தே எழுதுகிறவர்களைப் பிடிப்பது எப்படி?
– வாசகர், கிண்ணியா

பதில்: குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயத்தை உள்நாட்டுச் சட்டமாக்க வந்தது 2007 இன் 56 ஆம் இலக்கச் சட்டம். அதன் 3 ஆம் பிரிவு, இன மத வெறுப்பைத் தூண்டிப் பாகுபாட்டுக்கோ பகைமைக்கோ வன்முறைக்கோ வழிவிடுவதைக் குற்றமாக்குகிறது. பத்து வருடம் வரை கடூழியச் சிறை. சிறுபான்மையினருக்குக் கவசமாக வந்த பிரிவு இது. ஆனால் பிணையை மேல் நீதிமன்றம்தான் தரலாம், அதுவும் விதிவிலக்கான சந்தர்ப்பத்தில். வழக்கு நிற்காது என்று தெரிந்தாலும் ஆளை உள்ளே வைக்க இது வசதி. சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார ஒரு சிறுகதைக்காக 2019 ஏப்ரலில் கைதாகி நாலு மாதம் சிறையில் இருந்தார். 2021 இல் வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டார். அந்த நாலு மாதத்துக்கு யார் கணக்குச் சொல்வது?

பிணை கிடைக்கும் நாளில் தவறுவது பெரும்பாலும் சின்ன விஷயங்களில். சரீரப் பிணைக்கு, அதாவது ஆளுக்குப் பொறுப்பாக, நிற்பவர்களின் அடையாள அட்டை, கிராம சேவகரின் வதிவிடச் சான்றிதழ், கேட்டால் சம்பள விபரம், காசுப் பிணைக்குக் கையில் காசு. வெள்ளிக்கிழமை பின்னேரம் கட்டளை வந்து, சான்றிதழில் பிரதேச செயலாளரின் மேலொப்பம் இல்லையென்றால் ஆள் திங்கட்கிழமைவரை உள்ளேதான்.

கேள்வி: கைதாகி ஒன்றரை மாதம். அடிப்படை உரிமை மீறல் மனு ஒரு மாதத்துக்குள் போட வேண்டுமாமே, இனி வழி இல்லையா?
– வாசகி, மூதூர்

பதில்: அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரை ஒரு மாதம்தான் தருகிறது. மனுவைத் தாய், மனைவி தங்கள் பெயரில் போட முடியாது; பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் சட்டத்தரணியோ கொழும்பு புதுக்கடையில் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். ஆனால் அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்திருந்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. இதில் ஒரு பொறி இருக்கிறது. முறைப்பாடு கொடுத்த பற்றுச்சீட்டு மட்டும் போதாது, விசாரணை நிலுவையில் இருப்பதைக் காட்ட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆணைக்குழுவிடம் அதற்கு ஒரு கடிதம் வாங்குங்கள். தடுப்பில் இருந்ததாலேயே மனுப் போட முடியாமற் போனவர்களுக்குத் தளர்வு காட்டிய தீர்ப்புகளும் உண்டு. காசுப் பிரச்சினை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவில் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: விளக்கமறியலில் இருக்கும் அப்பாவுக்கு நடுக்க வருத்தம். மருந்து கொண்டுபோனால் வாசலில் திருப்புகிறார்கள்.
– வாசகி, உவர்மலை

பதில்: வாசலில் வாதாடிப் பயன் இல்லை. மருத்துவரின் எழுத்து, கிளினிக் கொப்பியின் பிரதி இரண்டையும் சட்டத்தரணி அடுத்த தவணையிலேயே மன்றில் கொடுத்து, மருந்தின் பெயர், அளவு, வேளை எல்லாம் வழக்கேட்டில் பதியும்படி கட்டளை கேட்க வேண்டும். தவணை தூரமென்றால் நகர்த்தல் பத்திரம் போட்டு முன்னுக்கு எடுக்கலாம். அதோடு அப்பா எதைப் பிடிக்க முடியாமல் கஷ்டப்படுகிறார் என்பதையும் எழுதுங்கள்: கோப்பையா, கரண்டியா, சட்டைப் பொத்தானா.

இதை ஏன் இவ்வளவு விரிக்கிறோம் என்றால், திருச்சியில் பிறந்து ஜார்க்கண்டின் ஆதிவாசிகளுக்காக உழைத்த அருட்தந்தை ஸ்டான் சுவாமி 2020 அக்டோபரில் 83 வயதில் கைதானபோது பார்க்கின்சன் நோயால் கை நடுங்கி, குவளையைப் பிடிக்க முடியாமல் இருந்தார். உறிஞ்சு குழாயும் மூடியோடு கூடிய குவளையும் கேட்டு நவம்பரில் மனுப் போட்டார். பதில் சொல்ல, அவரைக் கைது செய்த இந்தியாவின் தேசியப் புலனாய்வு முகவரகம் 20 நாள் கேட்டது. 2021 ஜூலை 5 ஆம் திகதி, பிணை மனு நிலுவையில் இருக்கும்போதே மும்பை மருத்துவமனையில் இறந்தார். அப்பாவின் குவளையை முதல் மனுவிலேயே எழுதிவிடுங்கள்.