தள்ளுகதவில் ரப்பர் பட்டை கிழிவது பற்றி

வணக்கம். சரக்கு வேகனின் தள்ளுகதவில் ரப்பர் பட்டையை மாற்றி மாற்றிப் போட்டும் கிழிந்துவிடுகிறது, மழைநீர் கீழ் ஓரமாக உள்ளே வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். ரப்பரின் தரத்தை மட்டும் குறை சொல்ல வேண்டாம். கதவு ஓடும்போதே பட்டை சட்டத்தில் உரசினால் எந்த ரப்பரும் தாங்காது. பட்டை அழுந்தலாம், தேயக் கூடாது.

அதனால் கதவு நகரும்போது சட்டத்தை விட்டு விலகியிருக்க வேண்டும்; மூடும் கடைசிக் கட்டத்தில்தான் உள்நோக்கி அழுந்த வேண்டும். பிளக் கதவுகளில், அதாவது மூடும்போது வாசலுக்குள் அழுந்திப் பொருந்தும் தள்ளுகதவுகளில், இதைக் கிராங்க் தண்டு (வளைந்த சுழல் தண்டு) செய்கிறது. முழுதாக மாற்ற வசதியில்லை என்றால், ஓட்டத்தின் முடிவில் கதவைச் சட்டத்தோடு இறுக்கும் ஆப்புகளை வைத்துப் பாருங்கள்.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது: சரக்கு ஏறியதும் வேகன் வளைகிறது, கதவு வாயின் வடிவமும் சற்றுக் கோணுகிறது. காலி வேகனில் அளந்து பொருத்திய மெல்லிய தட்டைப் பட்டை அப்போது இடைவெளி விடும். உள்ளே வெற்றிடமுள்ள குழல் வடிவ ஈபிடிஎம் (வெயில் மழையைத் தாங்கும் செயற்கை ரப்பர்) பட்டை அந்த மாறுதலை நன்றாகவே ஏற்கும்.

கீழ் ஓரத்துக்கு, பட்டையைக் கதவிலேயே பொருத்துங்கள். வாசற்படியில் வைத்தால் ஃபோர்க்லிஃப்ட் சக்கரம் நசுக்கிவிடும். படி வெளிப்பக்கம் சரிந்திருக்கட்டும், வடிதுளைகளும் வேண்டும். கதவு ஓடும் மேல் தண்டவாளத்துக்கு ஒரு மழைத்தகடு போதும்.

அப்புறம், தண்ணீர் பீய்ச்சிச் சோதிப்பதைக் காலி வேகனில் மட்டுமல்ல, சுமை ஏற்றியும் செய்யுங்கள்.