எஞ்சினைப் பிரிக்கும் முன் கம்ப்ரஷனை அளந்து பாருங்கள்

பொள்ளாச்சியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "1992 மாடல் டெம்போ டிராவலரை அப்பா படுக்கை, சமையல் மேடை எல்லாம் வைத்து கேரவனாக மாற்றி வைத்திருந்தார். நான்கு வருடமாக ஷெட்டில் நின்ற வண்டி. இப்போது எடுத்தால் காலையில் ஸ்டார்ட் ஆக நேரமாகிறது, வெள்ளைப் புகை வருகிறது. வால்பாறை ஏறும்போது ஹீட் ஆகிறது. மெக்கானிக் ஃபுல் எஞ்சின் வேலை என்கிறார். ஒரு புரோக்கர், பழைய எஞ்சினை எடுத்துக்கொண்டு, வேறு வண்டியிலிருந்து எடுத்த ரெடி எஞ்சின் வைத்துத் தருகிறேன் என்கிறார். எதைச் செய்யலாம்?"

இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம். புரோக்கர் சொல்வது எப்போதைக்குமே வேண்டாம்.

உங்கள் வண்டியில் இருப்பது மெர்சிடிஸ் வடிவமைத்து, பஜாஜ் டெம்போ உரிமம் வாங்கி இங்கே தயாரித்த ஓ.எம். 616. நான்கு சிலிண்டர், 2.4 லிட்டர் டீசல். ஆயில் ஒழுங்காக மாற்றினால் லட்சக்கணக்கான கிலோமீட்டர் உழைக்கிற எஞ்சின். நீங்கள் எழுதியிருக்கும் குறைகளில் ஒன்றுகூட 'எஞ்சின் போய்விட்டது' என்பதற்கு ஆதாரம் இல்லை.

காலையில் வரும் வெள்ளைப் புகை என்பது பெரும்பாலும் எரியாமல் வெளியே வரும் டீசல். குளிர்ந்த நிலையில் இந்த எஞ்சின் பிடிக்க ஹீட்டர் பிளக் நன்றாகச் சூடாக வேண்டும். முதலில் நான்கையும் கழற்றி டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். தொடராக ஒயர் இழுத்த பழைய அமைப்பாக இருந்தால் ஒன்று போனாலும் நான்கும் வேலை செய்யாது. அப்புறம் டேப்பெட், அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே விடும் இடைவெளி. இந்த எஞ்சினில் ஓட ஓட வால்வு ஹெட்டுக்குள் அமிழ்ந்து இடைவெளி குறைந்துகொண்டே வரும். சத்தம் வராததால் யாரும் கவனிப்பதில்லை. வால்வு முழுதாக மூடாமல் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தம்) கசியும், ஸ்டார்ட்டிங் மோசமாகும். எஞ்சின் ஆறிய நிலையில் இன்லெட்டுக்கு 0.10 மி.மீ., எக்ஸாஸ்ட்டுக்கு 0.30 மி.மீ. வைக்க வேண்டும். அரை நாள் வேலை இது. இதைச் செய்யாமலே 'ரிங் போச்சு' என்று சொல்கிற பட்டறைகள் இருக்கின்றன. அதைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வரும்.

இவ்வளவும் முடித்த பிறகு எஞ்சினைச் சூடாக்கி, நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் அளக்கச் சொல்லுங்கள். டீசல் கேஜ்தான் வேண்டும், பெட்ரோல் வண்டி கேஜ் இதற்குப் போதாது. 22 முதல் 24 பார் வந்தால் எஞ்சின் ஆரோக்கியமாக இருக்கிறது. 15-க்குக் கீழே போனாலோ, சிலிண்டருக்குச் சிலிண்டர் 3 பாருக்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ மட்டும் பிரிப்பதைப் பற்றிப் பேசலாம். நான்கு எண்களையும் தாளில் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுக்கும் பட்டறையில் வண்டியை விடாதீர்கள்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. அது உங்கள் வண்டிக்கே பொருந்தும் என்பதால் விரிவாகச் சொல்கிறேன். நீண்ட நாள் நின்ற வண்டியில் பிஸ்டன் ரிங் (பிஸ்டனைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் வளையம்) கரியிலும் துருவிலும் ஒட்டிக்கொள்ளும். ரிங் தேயாமலே, ஒட்டியிருப்பதால் மட்டும் கம்ப்ரஷன் குறைவாகக் காட்டும். எனவே முதல் அளவை நம்பி முடிவெடுக்காதீர்கள். ஹீட்டர் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் கொஞ்சம் எஞ்சின் ஆயில் விட்டு, இரண்டு நாள் ஊற விடச் சொல்லுங்கள். பிறகு கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் போட்டுக் கையாலேயே சுற்ற வேண்டும். அடுத்து, துளைகள் திறந்திருக்கும்போதே ஸ்டார்ட்டரில் சுற்றி மிச்ச ஆயிலை வெளியே தள்ள வேண்டும். துளையை மூடிவிட்டு ஸ்டார்ட் செய்தால் உள்ளே தேங்கிய ஆயில் கனெக்டிங் ராடையே வளைத்துவிடும். இதெல்லாம் முடிந்ததும் புது ஆயில், புது ஃபில்டர் போட்டு முந்நூறு நானூறு கிலோமீட்டர் சமவெளியில் ஓட்டுங்கள். ஷெட்டில் ஐடிலிங்கில் விட்டால் போதாது, ரோட்டில் லோடோடு ஓட வேண்டும். மறுபடி அளங்கள். எண் ஏறியிருந்தால் எஞ்சினைத் தொடாதீர்கள், இன்னும் ஓட்டுங்கள். ஏறவே இல்லை என்றால்தான் மெக்கானிக் சொன்னது சரி.

மலையில் ஹீட் ஆவது தனிக் கதை. வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. எழுபது சொச்சம் குதிரைத்திறன்தான் இந்த எஞ்சினுக்கு. அதன் தலையில் கட்டில், அலமாரி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் ஏற்றியிருக்கிறீர்கள். 100 லிட்டர் தண்ணீர் என்றால் 100 கிலோ. ரேடியேட்டரை இறக்கிச் சுத்தம் செய்யுங்கள், கூலன்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டை மாற்றுங்கள். அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஓட்டச் சொன்னால் கேட்காதீர்கள். எஞ்சின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல், ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்தால் எஞ்சின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படலாம்.

பிரித்தே ஆக வேண்டும் என்றால் பிஸ்டன் செட்டை முதலில் வாங்குங்கள். லேத்தில் அந்தப் பிஸ்டனை அளந்து அதற்கேற்ப சிலிண்டர் துளையைக் கடைந்து போர் எடுக்க வேண்டும். தேய்ந்த போரில் புது ரிங் மட்டும் போடுவது பணத்துக்குக் கேடு. டீசல் பம்ப்பையும் நாசிலையும் வேறு கடைக்கு அனுப்புவார்கள், கூடவே போங்கள். கழற்றிய பழைய பாகங்கள் அத்தனையும் சாக்கில் கட்டி உங்கள் கைக்கு வர வேண்டும்.

இனி அந்த ரெடி எஞ்சின். அது எந்த வண்டியில் இருந்தது, உள்ளே என்ன மாற்றினார்கள் என்று எந்தக் காகிதமும் இருக்காது. பெயின்ட் மட்டும் பளபளக்கும். உங்கள் ஆர்.சி.யில் எஞ்சின் நம்பர் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவின்படி எஞ்சினை மாற்றினால் ஆர்.டி.ஓ. ஒப்புதலும் ஆர்.சி.யில் பதிவும் வேண்டும். "அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம் சார்" என்பவர், விபத்து இழப்பீட்டை இன்சூரன்ஸ் கம்பெனி மறுக்கும்போது போனை எடுக்க மாட்டார். நம்பரைத் தேய்த்து உங்கள் நம்பரையே குத்தித் தருகிறேன் என்றால் அது குற்றம், உடனே எழுந்து வந்துவிடுங்கள்.

பழைய வண்டியின் ஆர்.சி.யைப் புதுப்பிக்கும் மறுபதிவுக் கட்டணத்தையும் கணக்கில் வையுங்கள். 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 2025-இல் 20 வயதைத் தாண்டிய இலகுரக வண்டிக்கு 10,000 ஆக்கிவிட்டார்கள். பழைய வண்டியை நன்றாகப் பராமரிப்பவரும் புகை கக்கவிட்டு ஓட்டுபவரும் ஒன்று என்பதுபோல வயதை மட்டும் பார்த்து வசூலிக்கிறார்கள். எஞ்சினை ஒழுங்காக வைத்திருப்பவருக்கு ஒரு ரூபாய் சலுகை இல்லை. மிகப் பழைய வண்டிகளுக்கென 2021-இல் வந்த விண்டேஜ் விதியும் உதவாது. அதற்கு 50 வயது ஆக வேண்டும், வண்டியின் மூல வடிவமும் மாறியிருக்கக் கூடாது.

ஓடத் தொடங்கிய பிறகு, ஓடினாலும் ஓடாவிட்டாலும் வருடம் ஒருமுறை 15டபிள்யூ-40 ஆயில் மாற்றுங்கள். ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீர் வேண்டாம், கூலன்ட் ஊற்றுங்கள். நிறுத்தி வைக்கும்போது டீசல் டேங்க்கை நிரப்பி வையுங்கள். மாதம் ஒருமுறை முப்பது நாற்பது கிலோமீட்டராவது ரோட்டில் ஓட்டுங்கள்.