ஜப்பானிய மொழிக்கு எதற்கு மூன்று எழுத்துமுறைகள்? ஒன்றை மட்டும் கற்றால் போதாதா?

போதாது. ஒலியெழுத்தான ஹிராகனாவின் 46 எழுத்துகளை முடித்த கையோடு நானும் வகுப்பில் இதையேதான் கேட்டேன். எல்லா ஒலியையும் இதிலேயே எழுத முடிகிறதே, அப்புறம் இன்னொரு ஒலியெழுத்தான கட்டகனா எதற்கு, பொருளைக் காட்டும் கான்ஜி ஆயிரக்கணக்கில் எதற்கு? சென்செய் (ஆசிரியரை அப்படித்தான் கூப்பிடுவோம்) வாயால் பதில் சொல்லவில்லை. ஒரு வாக்கியத்தை முழுக்க ஹிராகனாவிலேயே பலகையில் எழுதிப் படிக்கச் சொன்னார். ஜப்பானியத்தில் சொற்களுக்கு நடுவே இடம் விடுவதில்லை என்பதால் அது இப்படி இருந்தது: நிவானிவானிவானிவாதொரிகாஇரு.

முழி பிதுங்கியது. தோட்டத்தில் இரண்டு கோழிகள் இருக்கின்றன, அவ்வளவுதான் பொருள். முதல் நிவா தோட்டம். இரண்டாவது, 'இல்' போன்ற உருபும் இன்னொரு இடைச்சொல்லும். மூன்றாவது, பறவைகளை எண்ணும்போது வரும் 'இரண்டு'. நிவாதொரி என்றால் கோழி. கடைசியில் வரும் 'இரு' நம் இரு (இருத்தல்) மாதிரியே இருக்கிறது, பொருளும் அதேதான். இந்த ஒன்றை வைத்து தமிழும் ஜப்பானியமும் ஒரு தாய்ப் பிள்ளைகள் என்று கிளம்பிவிடாதீர்கள். பிறகு தோட்டம், இரண்டு, கோழி ஆகியவற்றை மட்டும் கான்ஜியில் மாற்றி எழுதினார். சொல் எங்கே தொடங்குகிறது என்பது பளிச்சென்று தெரிந்தது. நாம் இடம் விட்டுச் செய்கிற வேலையைப் பெரும்பாலும் அங்கே கான்ஜி செய்கிறது.

ஆக, மூன்றில் ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் விஷயமே இல்லை. ஒரே வாக்கியத்துக்குள் மூன்றும் வேலையைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. 'வதாஷி வா சென்னய் கரா கிமாஷிதா', அதாவது நான் சென்னையிலிருந்து வந்தேன். 'நான்' கான்ஜியில் வரும். சென்னை வெளிநாட்டுப் பெயர், அதனால் கட்டகனா. 'இலிருந்து' ஹிராகனா. 'வந்தேன்' என்பதில் வேர் கான்ஜி, இறந்தகாலம் காட்டும் வால் ஹிராகனா. வேற்றுமை உருபையும் விகுதியையும் பிரித்துப் பார்த்துப் பழகிய நமக்கு இது சீக்கிரம் பிடிபட்டுவிடும்.

கான்ஜி சீனாவிலிருந்து வந்தது. மற்ற இரண்டும் 9ஆம் நூற்றாண்டு வாக்கில் அதிலிருந்தே பிறந்தவை. சீன எழுத்தை வேகமாக, வளைத்து எழுதி எழுதி ஹிராகனா வந்தது. அரண்மனைப் பெண்கள் அதிகம் எழுதியதால் அதற்குப் 'பெண் கை' என்றே பெயர் இருந்தது. பௌத்தத் துறவிகள் சுவடிகளில் குறிப்பு எழுத, எழுத்தின் ஒரு துண்டை மட்டும் எடுத்துக்கொண்டார்கள், அது கட்டகனா.

எனக்குப் பிடித்த விஷயம் அகரவரிசை. அ இ உ எ ஒ, அப்புறம் க ச த ந ஹ ம ய ர வ. அந்த ஹ வரிசை ஒரு காலத்தில் ப என்று ஒலித்ததாம். ப போட்டுப் படித்துப் பாருங்கள், நம்ம வரிசைதான்! துறவிகள் சமஸ்கிருதம் படித்தபோது இந்திய எழுத்து வரிசை அங்கே போய்ச் சேர்ந்தது.

உண்மையான தலைவலி கான்ஜிதான். அன்றாடப் பயன்பாட்டுக்கென்று அரசு வகுத்த பட்டியலிலேயே 2136 இருக்கின்றன. 1026 தொடக்கப் பள்ளியிலேயே வந்துவிடும். எண்ணிக்கையைவிட உச்சரிப்புதான் படுத்தும். தண்ணீருக்கான எழுத்து தனியாக வந்தால் 'மிசு', புதன்கிழமையைக் குறிக்கும் சொல்லில் வந்தால் 'சுய்'. நாம் தண்ணீர் என்று சொல்லிவிட்டு, சளி பிடித்தால் மட்டும் ஜலதோஷம் என்கிறோமே, அந்த மாதிரி. அதனால் எழுத்தைத் தனியாக மனப்பாடம் செய்யாமல் சொல்லோடு சேர்த்துப் படியுங்கள்.

ரோமன் எழுத்திலேயே ஓட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள். ரயில் நிலையப் பலகையோடு சரி, உணவகத்து மெனுவில் கைவிட்டுவிடும்.

கட்டகனாவைச் சுலபம் என்று நான் அலட்சியமாக விட்டேன். அதில் 'ஷி'யும் 'ட்சு'வும் இரட்டைப் பிறவிகள்: இரண்டு குட்டிக் கோடு, ஒரு நீளக் கோடு. ஷிக்குக் குட்டிக் கோடுகள் ஒன்றன்கீழ் ஒன்று, நீளக் கோடு கீழிருந்து மேலே. ட்சுவுக்கு அவை பக்கம் பக்கமாக, நீளக் கோடு மேலிருந்து கீழே. சட்டைக்கு 'ஷாட்சு' என்பார்கள், ஒரே சொல்லில் இரண்டும் வரும். தேர்வில் இடம் மாற்றி எழுதி வைத்தேன். சென்செய் சிவப்பு மையில் வட்டம் போட்டு, பக்கத்தில் ஒரு சட்டையைத் தலைகீழாக வரைந்து கொடுத்தார்.