பாத்தியா என்று கேட்கும் அம்மா

அன்புள்ள அக்கா,

மண்டபத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பா விசைப்படகில் தொழிலுக்குப் போனவர். 2021 மே மாதம், தடைக்காலம் என்பதால் வீட்டிலிருந்து வலை பின்னிக்கொண்டிருந்தார். கொரோனாக் காய்ச்சல் வந்து ஆம்புலன்ஸில் ஏறும்போது 'ரெண்டு நாள்ல வந்துருவேன்' என்றார். ஆறாம் நாள் போன் வந்தது. பையில் கட்டித்தான் கொடுத்தார்கள், முகத்தைக் காட்டவில்லை. அம்மாவும் காய்ச்சலில் கிடந்தார். நான் மட்டும் தூரத்தில் நின்று பார்த்தேன். பதினாறாம் நாள் காரியத்துக்கு மொத்தம் மூன்று பேர்.

நாலு வருடமாகிறது. அம்மா கடற்கரைப் பக்கமே போவதில்லை. கடல்பாசி எடுக்கப் போய்க்கொண்டிருந்தவர், அதையும் விட்டுவிட்டார். அப்பா பாதியில் விட்ட வலை திண்ணையில் தொங்குகிறது, யாரையும் தொட விடுவதில்லை. 'பைக்குள்ள இருந்தது உங்கப்பாதான்னு நீ பாத்தியா?' என்று திடீர் திடீரென்று கேட்கிறார். டாக்டர் தூக்க மாத்திரை கொடுத்தார். சொந்தக்காரர்கள் 'இன்னும் எத்தனை நாளைக்கு இதையே பேசுவ' என்கிறார்கள். இது நோயா அக்கா? பெயர் போட வேண்டாம்.

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அம்மா கேட்பது நியாயமான கேள்வி. 2020 மார்ச்சில் மத்திய சுகாதார அமைச்சகம் கொடுத்த வழிகாட்டுதலில், பையின் முகப்பக்கத்தைத் திறந்து குடும்பத்தாருக்குக் கடைசியாக ஒருமுறை காட்டலாம் என்றுதான் இருந்தது. உடம்பைத் தொடாமல் செய்கிற சடங்குகளுக்கும் தடை இல்லை. குளிப்பாட்டுவதும் கட்டிப்பிடிப்பதும்தான் கூடாது. இரண்டாம் அலையின் நெருக்கடியில் அந்த ஒரு நிமிடம் எத்தனையோ வீடுகளுக்குக் கிடைக்காமல் போனது. அதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரமாக வருகிறது.

உடம்பு கிடைக்காத சாவு நம் கரைக்குப் புதிதில்லை. 1964 டிசம்பர் 22 இரவு, தனுஷ்கோடிக்குப் போன ரயிலையே கடல் கொண்டுபோனது. ஏறியவர்கள் யாரும் திரும்பவில்லை. கடலுக்குப் போய் வராதவருக்கு உடம்பில்லாமலே காரியம் செய்த வீடுகள் நம் ஊர்களில் உண்டு. ஆனால் அந்த வீடுகளில் ஆட்கள் இருந்தார்கள். கூடி உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள், அடுப்பு மூட்டாத வீட்டுக்குச் சோறு கொண்டுவந்தார்கள். 2021இல் அந்த ஆட்களும் இல்லை. உங்கள் அம்மாவுக்கு நடந்தது அதுதான்.

என் மாமா இறந்ததும் அந்த மே மாதம்தான், தொண்டியில். எட்டு மாதம் கழித்துத்தான் துட்டி கேட்கப் போக முடிந்தது. வாசலில் தயங்கி நின்றவளை அத்தை கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய், அன்று நடந்ததை வரிசையாகச் சொன்னார். எத்தனை மணிக்கு மூச்சு வாங்கியது, யார் ஆட்டோ பிடித்தது, மாமா எந்தச் சட்டை போட்டிருந்தார், அதில் எந்தப் பொத்தான் அறுந்திருந்தது என்பது வரை. நடுவில் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. சொல்லி முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, 'கஞ்சி குடிக்கிறியாடி?' என்றார். அம்மா இதை முழுசாகச் சொன்னது இதுதான் முதல் தடவை என்று அவர் மகள் அப்புறம் என்னிடம் சொன்னாள். அதுவரை யாரும் கேட்கவில்லை.

சரி, நோயா என்று கேட்டீர்கள். 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப்பட்டியலில் 'நீடித்த துக்கம்' தனியாக இடம்பெற்றிருக்கிறது. இறப்புக்குப் பிறகு குறைந்தது 6 மாதம் நீடித்திருக்க வேண்டும் என்பது அதன் கணக்கு. அதே ஆண்டு அமெரிக்க மனநல மருத்துவர்கள் தங்கள் பட்டியலில் பெரியவர்களுக்கு 12 மாதம் என்று வைத்தார்கள். வெறும் நாள் கணக்கு மட்டும் இல்லை. தீராத ஏக்கத்தோடு, செத்துப்போனதை நம்ப முடியாமை, நினைவூட்டும் இடங்களைத் தவிர்ப்பது போன்ற சிலவும், அன்றாடப் பாடு முடங்குவதும் சேர வேண்டும். அந்தந்தச் சமூகத்தின் வழக்கத்தையும் மீறியதாக இருக்க வேண்டும். வருடா வருடம் திதி கொடுத்து அழுகிறவர் நோயாளி ஆகமாட்டார். வலை தொங்குவதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அம்மா கடலைப் பார்க்காமல் இருப்பதும் பாசிக்குப் போகாததும்தான் கவலை. நான் டாக்டர் இல்லை. மனநல மருத்துவரிடம் கட்டாயம் காட்டுங்கள்.

கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கேத்தரின் ஷியர் இதற்கென்றே 16 அமர்வுகள் கொண்ட ஒரு சிகிச்சையை உருவாக்கினார். இறந்த அன்று நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லவைப்பது, தவிர்க்கிற இடத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் போகவைப்பது அதில் முக்கியம். படித்தபோது அத்தையின் ஞாபகம்தான் வந்தது. இந்தச் சிகிச்சையோடு மனச்சோர்வு மாத்திரையைச் சேர்த்தும் பார்த்தார்கள். மாத்திரை சோர்வைக் குறைத்தது, துக்கத்தைத் தீர்க்கப் பேச்சுதான் உதவியது. தூக்க மாத்திரையோடு நிறுத்திவிடாதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

மனநல டாக்டர் என்றதும் 'என்னைய ஏர்வாடிக்கா கொண்டுபோற?' என்று அம்மா பயப்படலாம். 2001இல் அங்கே மனநோயாளிகள் காப்பகத்தில் சங்கிலியோடு 28 பேர் எரிந்து செத்ததை நம் மாவட்டம் மறக்கவில்லை. இது உட்கார்ந்து பேசுகிற வைத்தியம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். 14416, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. முதலில் நீங்களே பேசிப் பாருங்கள்.

அப்புறம், அன்று வரமுடியாத சொந்தங்களை இப்போது வரச்சொல்லுங்கள். 2021 ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்தில் இறங்கவே தடை. இப்போது தடை இல்லை. வருகிற அமாவாசைக்குத் தேவிபட்டினமோ சேதுக்கரையோ, அம்மா எங்கே சம்மதிக்கிறாரோ அங்கே எல்லோரும் சேர்ந்து போங்கள். வருகிறவர்கள் புத்தி சொல்ல வேண்டாம், கூட இருந்தால் போதும்.

ஒன்று கேட்க வேண்டும். தூரத்தில் நின்று பார்த்தது நீங்கள் ஒருவர்தான். பார்த்ததை அம்மாவிடம் முழுசாகச் சொல்லியிருக்கிறீர்களா? கடிதத்தில் அது இல்லை. முகத்தைப் பார்க்கவில்லை என்றால் பார்க்கவில்லை என்றே சொல்லுங்கள். வண்டி எத்தனை மணிக்கு வந்தது, யார் இறக்கினார்கள், நீங்கள் எங்கே நின்றீர்கள், எப்போது அழுதீர்கள் என்பதையும் சொல்லுங்கள். திண்ணையில் அந்த வலைக்குக் கீழேயே உட்கார்ந்து சொல்லுங்கள் தம்பி.

அன்புடன்,
அக்கா