ஹெவி மெட்டலின் முதல் ஆல்பம் ஒரே நாளில் பதிவானது என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். ஹெவி மெட்டல் என்பது கனத்த கிதார் ஓசை கொண்ட ராக் இசை வகை. பிளாக் சப்பாத் என்ற இங்கிலாந்து ராக் குழு தன் பெயரிலேயே வெளியிட்ட முதல் ஆல்பம் 1969 அக்டோபர் 16 அன்று, லண்டனில் ரீஜண்ட் சவுண்ட் ஒலிப்பதிவுக் கூடத்தில், ஏறக்குறைய 12 மணி நேரத்தில் பதிவானது. 'முதல் ஹெவி மெட்டல் ஆல்பம்' என்ற பட்டத்துக்கு வேறு சிலரும் உரிமை கொண்டாடுவார்கள். அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை.

ஆனால் அந்த ஓசை அன்று ஒரு நாளில் வந்ததல்ல. இதை எனக்குப் புரியவைத்தவருக்குக் கிதாரில் எத்தனை தந்தி என்றுகூடத் தெரியாது. அவர் என் தாய்மாமா. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ரப்பர் ஆலைத் தொழிலாளி. உறைந்த பாலை ரோலருக்குள் கொடுத்து ஷீட்டாக இழுக்கும் வேலை. ஒரு நாள் ரோலர் ஷீட்டோடு அவருடைய வலது கையையும் சேர்த்து இழுத்தது. மோதிர விரலிலும் சுண்டு விரலிலும் பாதிதான் மிஞ்சியது. அதற்குப் பிறகும் வெள்ளிக்கிழமைதோறும் மாரியம்மன் கோயில் பஜனையில் அவர்தான் ஹார்மோனியம். அந்த இரண்டையும் உள்ளே மடக்கிக்கொண்டு மூன்று விரலால் வாசிப்பார்.

தொண்ணூறுகளில் ஈப்போவில் வாங்கிய இந்த ஆல்பத்தின் கேசட்டோடு நான் வீட்டுக்கு வந்தபோது, "இது என்ன மாப்பிள்ளை, ஆலைச் சத்தம் மாதிரி இருக்கிறது?" என்றார். கிண்டலாகத்தான் கேட்டார். ஆனால் குறி தப்பவில்லை. குழுவின் கிதார் கலைஞர் டோனி அயோமி பர்மிங்காமில் தகடு வெட்டும் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தவர். 1965இல், 17 வயதில், இசைக்காக வேலையை விட்டுவிட்டு ஜெர்மனிக்குக் கிளம்ப இருந்தார். அன்றுதான் தொழிற்சாலையில் கடைசி நாள். மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தவர் திரும்பிப் போக மனமில்லாமல் இருக்க, ஒப்புக்கொண்ட நாளை முடித்துவிட்டு வா என்று அனுப்பியவர் அம்மா. வராத ஆளுக்குப் பதிலாகப் பழக்கமில்லாத இயந்திரத்தில் நிறுத்தினார்கள். வலது கையின் நடுவிரல், மோதிர விரல் நுனிகள் போயின. அவர் இடது கைக்காரர். தந்திகளை அழுத்துவது அந்த வலது கைதான்.

மனம் உடைந்து கிடந்தவரிடம் தொழிற்சாலை மேலாளர் ஓர் இசைத்தட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். வாசித்தவர் ஜாங்கோ ரைன்ஹார்ட். தீ விபத்தில் இரண்டு விரல்கள் செயலிழந்த பிறகும் ஐரோப்பாவையே கேட்க வைத்த ஜாஸ் கிதார் கலைஞர். அயோமி பாத்திரம் கழுவும் திரவம் வரும் பிளாஸ்டிக் புட்டியை உருக்கி உருண்டையாக்கினார். சூட்டுக்கோலால் குழி குடைந்து, விரலில் பொருந்தும்வரை தேய்த்து, இரண்டு மூடிகள் செய்துகொண்டார்.

இந்த இடத்தில் மாமா என்னை நிறுத்தினார். "பிளாஸ்டிக் வழுக்குமே?"

வழுக்கத்தான் செய்தது. பழைய ஜாக்கெட் ஒன்றின் தோலை வெட்டி மேலே ஒட்டிக்கொண்டார் அயோமி.

"சரி. தந்தியைத் தொட்டது விரலுக்கு எப்படித் தெரியும்?"

தெரியாது. எவ்வளவு அழுத்துகிறோம் என்றும் தெரியாது. அதனால் மெல்லிய தந்திகள் தேவைப்பட்டன. அன்று கடைகளில் அப்படிப்பட்ட கிதார் தந்திகள் கிடைக்காததால் பாஞ்சோ தந்திகளைப் போட்டுச் சமாளித்தார். எல்லா விரல்களையும் விரித்துப் பிடிக்கும் சுரக்கூட்டுகள் சிரமம் என்பதால், ஷட்ஜமும் பஞ்சமமும் போல இரண்டு சுரங்களை மட்டும் பிடித்து, அவற்றையே கனமாக ஒலிக்க வைத்தார். ஹெவி மெட்டலின் 'ஹெவி' பெரும்பாலும் இதுதான். விரலுக்காகத் தந்தியைத் தளர்த்திச் சுருதியைத் தாழ்த்தியதால்தான் முதல் ஆல்பத்தின் ஓசை பிறந்தது என்று இணையத்தில் பலர் எழுதுகிறார்கள். அது தவறு. அப்படித் தாழ்த்தியது 1971இல் வந்த மூன்றாவது ஆல்பத்தில்.

இனி அந்த ஒரு நாள். நான்கு தடப் பதிவு இயந்திரம். மேடையில் மாதக்கணக்கில் வாசித்துப் பழகிய பாட்டுகள் என்பதால் நால்வரும் ஒன்றாக நின்று கச்சேரி போலவே வாசித்தார்கள். பாடகர் ஆஸி ஆஸ்பர்னைத் தனி அறைக்குள் விட்டு அதே நேரத்தில் பாட வைத்தார்கள். பெரும்பாலானவற்றுக்கு இரண்டாவது முயற்சியே கிடையாது. நடுவில் அயோமியின் ஸ்ட்ராடோகாஸ்டர் கிதார் பழுதாக, மாற்றாக வைத்திருந்த கிப்சன் எஸ்.ஜி.யை எடுத்தார். பிற்காலத்தில் அவருடைய அடையாளமாகவே ஆகிப்போனது அந்த மாற்றுக் கிதார் வகை. தொடக்கத்தில் வரும் மழை, இடி, மணியோசை மூன்றும் தயாரிப்பாளர் ராட்ஜர் பெயின் பின்னர் சேர்த்தவை.

வெளியீடு 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை. பதின்மூன்றும் வெள்ளியும் சேர்ந்தால் மேற்கத்தியர்களுக்குக் கெட்ட நாள். நாள் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள், நம் ஊரில் வைப்பதற்கு நேர் எதிராக! உறையில் ஆக்ஸ்போர்டுஷரில் உள்ள தண்ணீர் ஆலை ஒன்றின் முன் கறுப்பு உடையில் ஒரு பெண். உள்பக்கத்துத் தலைகீழ்ச் சிலுவை குழுவைக் கேட்காமலே அச்சிட்டது. பத்திரிகைகள் திட்டித் தீர்த்தன. ஆனாலும் பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் எட்டாம் இடம். ஜூன் மாதம் அமெரிக்காவுக்குப் போய் அங்கேயும் விற்றது.

கேசட்டை மாமா முழுதாகக் கேட்கவில்லை. முதல் பாட்டில் மழை ஓய்ந்து கிதார் நுழையும் இடத்தையே திரும்பத் திரும்பப் போடச் சொன்னார். மூன்றே சுரம். கீழே ஒன்று, அதன் மேல் ஸ்தாயி, பிறகு நடுவில் ஒன்று. அந்த நடுச்சுரத்தின் இடைவெளியைத்தான் ஐரோப்பாவில் சாத்தானின் இடைவெளி என்பார்கள் என்று எனக்குத் தெரிந்த பெருமையைச் சொன்னேன். அவர் ஹார்மோனியத்தை இழுத்துவைத்து, இடது கையால் துருத்தியை அசைத்து, மிச்சமிருந்த விரல்களால் கட்டைகளைத் தேடினார். ச. மேல் ச. மூன்றாவதில் கொஞ்சம் தடுமாறி, கறுப்புக் கட்டையில் நின்றார்.

"கல்யாணியில் வருகிற மத்திமம்தானே இது? கல்யாண வீட்டில் வாசிக்கிறோம். இதற்கா பயந்தார்கள்?"